விழித்த குழந்தையை உடனே தூக்க வேண்டுமா? சேலம், ஏற்காட்டுப் புதுப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கைக்குழந்தை உறக்கம் கலைந்து, அழாமல், கண்ணை உருட்டிக்கொண்டு கிடக்கும்போது அதை உடனே தூக்குவதா, சற்று நேரம் அப்படியே விட்டுவைப்பதா என்னும் கேள்வி, பிரசவம் முடிந்து வீடு திரும்பிய சில வாரங்களிலேயே எழுந்துவிடுகிறது. சேலத்து வீடுகளில் இதற்கு இரண்டு விடைகள் ஒரே கூடத்தில் கிடைக்கும். "புள்ள முழிச்சிருச்சு, தூக்கு சாமி, ஏங்கிப்போயிரும்" என்பார் அம்மாயி. "தூக்கித் தூக்கிக் கைச்சூடு பழக்கிடாதீங்க, அப்புறம் கீழயே விட முடியாது" என்பார் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெரியம்மா. இரண்டுமே அக்கறையில் பிறந்த பேச்சுகள்தாம். இரண்டுமே பாதிதான் சரி. நிறைவாக விழித்திருக்கும் குழந்தையைச் சில நிமிடம் தூக்காமல் விட்டால் அது ஏங்கிப்போய்விடாது. அழைக்கும் குழந்தையைத் தூக்குவதால் அது கெட்டுப்போய்விடுவதும் இல்லை. ஆகவே முடிவு செய்ய வேண்டியது, குழந்தை உண்மையிலேயே நிறைவாக இருக்கிறதா என்பதைத்தான். அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் முறையைப் படிப்படியாகக் கீழே காணலாம்.

எந்தக் குழந்தைக்கு இது பொருந்தாது

பிறந்து முதல் சில வாரங்களுக்கு இந்தக் கேள்விக்கே பெரும்பாலும் இடமில்லை. அந்தப் பருவத்தில் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்க வேண்டும். விழிப்பதும் பெரும்பாலும் பசியால்தான். பிறந்த சில நாட்களில் எடை சிறிது குறைவது இயல்பு. ஏறத்தாழ இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். அவ்வாறு திரும்பும் வரை, குழந்தை தானாக விழித்தால் அதைப் பால் கொடுக்கக் கிடைத்த வாய்ப்பாகவே கொள்ள வேண்டும். மூன்று மணி நேரம் ஆகியும் விழிக்காவிட்டால் எழுப்பியும் கொடுக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தை, மஞ்சள் காமாலை கண்ட குழந்தை ஆகியோருக்கு மருத்துவர் சொன்ன இடைவெளிதான் கணக்கு. "அமைதியாகத்தானே கிடக்கிறது" என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இங்கே ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் அழாத குழந்தையைச் "சமத்து" என்று கொண்டாடுவது வழக்கம். ஆனால் போதிய பால் கிடைக்காத குழந்தையும், நோய்த்தொற்று உள்ள குழந்தையும்கூட அழுவதற்கு வலுவின்றி அமைதியாகக் கிடக்கும். நிறைவான அமைதியில் கண்கள் தெளிவாக இருக்கும், கைகால்கள் அசையும், முகத்தருகே குனிந்தால் பார்வை நம்மைத் தேடும். சோர்வின் அமைதியிலோ உடல் துவண்டிருக்கும், பார்வை எதிலும் நிற்காது, மார்பில் வைத்தாலும் உறிஞ்ச முயலாது. முதல் வாரத்திற்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிப்பதும், முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் வரை எடை கூடுவதும் பால் போதுமான அளவு கிடைப்பதற்கான அடையாளங்கள். அங்கன்வாடியிலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ எடை பார்த்து அட்டையில் குறித்துக்கொள்வது அதனால்தான். பால் குடிக்க மறுப்பது, நெஞ்சு உள்ளிழுத்து மூச்சு வாங்குவது, இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு ஓடுவது, மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை எட்டுவது, வலிப்பு, உடல் சில்லிட்டுப்போவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசு மருத்துவமனைக்கோ உடனே கொண்டுசெல்ல வேண்டும். வண்டி இல்லையென்றால் 108ஐ அழைக்க வேண்டும். ஏற்காட்டின் உள்கிராமங்களில் இருப்பவர்கள் மலைப்பாதையில் ஆகும் நேரத்தையும் கணக்கில் கொண்டு, இரவு வரை பொறுத்துப் பார்ப்போம் என்று எண்ணாமல் பகலிலேயே புறப்பட்டுவிடுவது நல்லது.

இனி வருவன, எடை ஏறி, நன்றாகப் பால் குடித்து, நலமாக இருக்கும் குழந்தைக்கு உரியவை.

உண்மையில் விழித்துவிட்டதா

முனகல் கேட்டதும் தூளியைப் பிடித்து ஆட்டுவதும், கை அசைந்ததும் வாரித் தூக்குவதும் நம் வீடுகளில் மிகச் சாதாரணம். ஆனால் பச்சிளங்குழந்தையின் உறக்கத்தில் ஏறத்தாழ பாதி, உடல் அசைந்துகொண்டே இருக்கும் உறக்கம். அந்த நேரத்தில் குழந்தை முகம் சுளிக்கும், சிரிக்கும், உறிஞ்சுவது போல வாயை அசைக்கும், முனகும், ஒரு கணம் கண்ணைத் திறந்து மூடவும் செய்யும். அது விழிப்பு அன்று. மேலும் குழந்தையின் உறக்கச் சுற்று ஒன்று சுமார் 50 முதல் 60 நிமிடந்தான். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் அது லேசாகப் புரண்டு, சிணுங்கி, மறுபடி உறங்கிவிடக்கூடும். நாம் அந்த இடைவெளியில் தூக்கிவிட்டால், தொடர்ந்திருக்க வேண்டிய உறக்கத்தை நாமே கலைத்துவிட்டு, அரைத்தூக்கத்தில் அழும் குழந்தையை அரை மணி நேரம் தோளில் போட்டு நடக்க வேண்டியிருக்கும்.

ஆகவே முதல் படி, கைகளைச் சற்றுக் கட்டுப்படுத்துவது. ஓசை கேட்டதும் அருகே சென்று, தொடாமல், பேசாமல், ஒன்றிரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். கண் தொடர்ந்து திறந்திருந்து, பார்வை ஓரிடத்தில் நின்று, மூச்சு சீரானால் விழித்துவிட்டது என்று கொள்ளலாம். அழுகையாகத் திரும்பினால் இந்தக் காத்திருப்பு அங்கேயே முடிந்தது. சேலத்தில் பல குழந்தைகளின் காலில் வெள்ளிக் கொலுசு இருக்கும் என்பதால், அடுத்த அறையில் இருப்பவர்களுக்கு விழிப்பை முதலில் அறிவிப்பது அந்த ஓசைதான்; ஒற்றைக் குலுங்கல் புரளலாக இருக்கலாம், இடைவிடாத குலுங்கல் காலை உதைத்து விளையாடும் குழந்தையுடையது. அம்மாப்பேட்டை, குகை போன்ற பகுதிகளில் தறி ஓடும் வீடுகளில் இந்த ஓசையை நம்பிப் பயனில்லை. அங்கே தறியில் இருப்பவரின் கண்ணுக்குப் படும் இடத்திலேயே குழந்தையைக் கிடத்த வேண்டும்.

பசி, ஈரம், வெப்பம்

விழித்துவிட்டது என்று தெரிந்ததும், தூக்காமலே மூன்றைச் சரிபார்த்துவிடலாம். முதலாவது பசி. அழுகை பசியின் கடைசி அடையாளம். அதற்கு முன்பே குழந்தை தலையை இருபுறமும் திருப்பி வாயைத் திறந்து தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சப்பும், நாக்கை நீட்டும். கடைசியாகப் பால் கொடுத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்து இவற்றில் ஒன்று தெரிந்தாலும், எவ்வளவு அமைதியாக இருந்தாலும் தூக்கிப் பால் கொடுப்பதே முறை. அழுது களைத்த குழந்தை மார்பைப் பற்றுவதற்கே சிரமப்படும். மூன்று மாதத்திற்குப் பிறகு குழந்தை விளையாட்டுக்காகவும் கையைச் சப்பும் என்பதால், அப்போது கையை மட்டும் பார்க்காமல் கடைசியாகப் பால் குடித்த நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது ஈரம். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் ஈரத் துணியோடு ஐந்து நிமிடம் கிடப்பதால் குழந்தைக்குப் பெரிதாக ஒன்றும் நேர்ந்துவிடாது. சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டின் மார்கழி விடியலில் அதே ஈரத் துணி குழந்தையின் உடற்சூட்டை விரைவாக இறக்கிவிடும். ஆகவே மலையில், குளிர்மாதங்களில், ஈரம் என்றால் விட்டுவைப்பது என்ற பேச்சே இல்லை: உடனே மாற்ற வேண்டும். மலம் கழித்திருந்தால் எந்த ஊரிலும் உடனே மாற்ற வேண்டும்.

மூன்றாவது வெப்பம். வயிற்றை ஒரு கையாலும் பாதத்தை மறுகையாலும் தொட்டுப் பார்ப்பது எளிய வழி. இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நலம். வயிறு வெதுவெதுப்பாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தைக்குக் குளிர்கிறது. தூக்கித் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து, மேலே போர்த்திக்கொள்ள வேண்டும். இரண்டுமே சில்லிட்டிருந்தால் அது மருத்துவமனைக்குரிய நிலை. போகும் வழியிலும் அந்த அணைப்பு தொடர வேண்டும். கோடையில் இதற்கு நேர்மாறாக, கழுத்தும் முதுகும் வியர்த்து ஈரமாகியிருந்தால் குழந்தையை எடுத்துத் துடைத்து, காற்றோட்டமான இடத்திற்கு மாற்றி, பால் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குச் சேலத்து வெயிலிலும் தனியே தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும்.

தூளியிலா, பாயிலா

விட்டுவைக்கலாமா என்பதற்கான விடை, குழந்தை எங்கே கிடக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. விட்டத்திலோ கூரைக் கொக்கியிலோ சேலையைக் கட்டிப் போடும் தூளி, உறங்க வைப்பதில் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். விழித்த குழந்தைக்கோ அதில் ஒன்றுமே இல்லை. இரு பக்கமும் துணி எழும்பி நிற்பதால் பார்ப்பதற்கு எதுவும் இராது. கைகால் நீட்ட முடியாது. உடல் வளைந்து முகவாய் நெஞ்சில் படிந்தால் சிறு குழந்தைக்கு மூச்சுவிடுவதும் சிரமமாகலாம். உறங்குவதற்கும்கூட, மேடுபள்ளமில்லாத, உறுதியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதைத்தான் குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். தலையணை, மெத்தென்ற திண்டு, முகத்தை மூடக்கூடிய தளர்ந்த போர்வை எதுவும் அதில் இருக்கக் கூடாது. தூளியே வழக்கம் என்றாலும், விழித்த குழந்தையைத் தூளியில் விட்டுவைக்காமல் பாய்க்கு மாற்ற வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். புரளத் தொடங்கும் நான்கு மாத அளவில் தூளியையே கைவிடுவது பாதுகாப்பானது. அவிழ்க்காமல் தொங்கவிட்ட தூளியில் பெரிய பிள்ளைகள் விளையாடிக் கழுத்து இறுகிய விபத்துகள் தமிழ்நாட்டில் அவ்வப்போது செய்தியாகின்றன என்பதால், குழந்தை இல்லாத நேரத்தில் அதைச் சுருட்டி மேலே கட்டிவிட வேண்டும்.

பாய் என்றால் தரையில் விரித்த கோரைப்பாயும் அதன்மேல் இறுக்கி மடித்த பருத்தித் துணியும் போதும். ஏற்காட்டில் தரை குளிரும் என்பதால் அடியில் ஒரு ஜமுக்காளம் வேண்டும். கட்டிலில், சுற்றித் தலையணை அடுக்கி விட்டுவைப்பது பாதுகாப்பு அன்று. புரளக் கற்றுக்கொண்டது நமக்குத் தெரியவரும் முதல் நாளே விழுந்த நாளாகவும் இருக்கலாம், தலையணையில் முகம் புதையவும் வாய்ப்புண்டு. கையில் கட்டிய வசம்பு வளையல், கழுத்துக் கயிறு, கொலுசில் தளர்ந்த முத்து ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தனியே விளையாடும் குழந்தையின் கைக்கு எட்டுவதெல்லாம் வாய்க்குத்தான் போகும். கழுத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே நல்லது.

விலகி நிற்பது

மூன்றும் சரியாக இருந்து, இடமும் பாதுகாப்பாக இருந்தால், பிறகு நம்முடைய வேலை ஒதுங்கி இருப்பது. இது கேட்பதற்கு எளிது. பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இங்கேதான். மேலே குனிந்து முகத்தைக் காட்டினால் குழந்தை தான் பார்த்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, தூக்கப்போகிறார்கள் என்று கைகால்களை உதைக்கத் தொடங்கும். அப்படி எதிர்பார்க்க வைத்துவிட்டுத் தூக்காமல் போவது நியாயமில்லை. ஆகவே எட்டிப்பார்ப்பதானால் தலைமாட்டின் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். பார்வை சந்தித்துவிட்டால் இரண்டு சொல் பேசி, அது மறுபடி தன் வேலைக்குத் திரும்புகிறதா என்று கவனிக்க வேண்டும். திரும்பினால் விட்டுவிடலாம்.

"தன் வேலை" என்று சொல்வது விளையாட்டுக்காக அன்று. முதல் மாதங்களில் குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது முகத்திலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம். அதற்குள் வரும் தன் கையை இரண்டு மூன்று மாத அளவில் அது கண்டுபிடித்து, திருப்பித் திருப்பிப் பார்க்கும். ஜன்னல் கம்பியின் நிழல், மின்விசிறியின் இறக்கை, கொடியில் அசையும் துணி ஆகியவை அதற்குப் போதுமானவை. கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டு ஓடவோ கைபேசியில் பாட்டுப் போடவோ தேவையில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயது நிறைவதற்கு முன் திரை எதையும் காட்ட வேண்டாம் என்றே கூறுகிறது. தவழத் தொடங்காத குழந்தையை விழித்திருக்கும் வேளைகளில் நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமாவது குப்புறப் படுக்க வைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆனால் அது அருகிலேயே நாம் அமர்ந்திருக்கும்போது செய்ய வேண்டியது. நாம் ஒதுங்கியிருக்கும் நேரத்தில் குழந்தை மல்லாக்கவே கிடக்கட்டும்.

ஒதுங்கியிருப்பதற்கும் வெளியேறிவிடுவதற்கும் வேறுபாடு உண்டு. குழாயில் தண்ணீர் வரும் நேரமும் குழந்தை விழிக்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுவது பல வீட்டில் நடப்பதுதான். அதற்காக, பார்க்கவும் கேட்கவும் முடியாத தூரத்திற்குக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. நாலைந்து வயதுப் பிள்ளையைக் காவல் வைப்பதும் காவல் ஆகாது.

எவ்வளவு நேரம்

கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய விடை இதற்கு இல்லை. இரண்டு மாதக் குழந்தைக்கு ஐந்து நிமிடமே பெரிது. நான்கைந்து மாதத்தில் பத்து நிமிடம் போகலாம். ஆறேழு மாதத்தில், தன் குரலையே கேட்டு மகிழ்ந்து "பா பா", "தா தா" என்று பேசிக்கொண்டு அதற்கு மேலும் கிடக்கும் குழந்தைகள் உண்டு. கண் திறந்ததுமே மனித முகம் வேண்டும் என்னும் குழந்தைகளும் உண்டு, அது குறையன்று. ஒன்பது பத்து மாத அளவில் தாயைக் காணாவிட்டால் கலங்கும் பருவம் தொடங்குவதால், முன்பு பதினைந்து நிமிடம் இருந்த குழந்தையே இப்போது அரை நிமிடத்தில் அழைக்கலாம். பழக்கம் கெட்டுவிட்டது என்று எண்ணி அப்போது வம்படியாக விட்டுவைப்பது தவறு. மற்றொரு எல்லையும் உண்டு: அமைதியாகத்தான் இருக்கிறது என்பதற்காக விழித்திருக்கும் நேரம் முழுவதையும் பாயிலேயே கழிக்க விடக் கூடாது. குழந்தை பேசக் கற்பதும் உறவு கொள்வதும் மடியிலும் தோளிலும் முகத்தெதிரிலும்தான். விழித்ததும் கிடைக்கும் சில நிமிடங்களைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம்.

தூக்க வேண்டிய தருணம் தானாகவே தெரியவரும். குரலின் தொனி மாறும், உதைப்பது விளையாட்டாக இல்லாமல் விறைப்பாக மாறும், பார்வை விலகும், முகம் சிவக்கும், சிணுங்கல் இடைவெளி இல்லாமல் வரும். அழுகை வரும் வரை காத்திருக்க வேண்டாம். பேசிக்கொண்டே அருகில் சென்று, தலைக்குக் கீழே ஒரு கையும் இடுப்புக்குக் கீழே ஒரு கையும் கொடுத்து, சற்றே பக்கவாட்டில் திருப்பி, நம் உடலோடு சேர்த்துத் தூக்க வேண்டும். இரு கைகளையும் பிடித்து இழுத்து எழுப்புவது ஆகாது. உரக்க அழத் தொடங்கிவிட்டால் உடனே போக வேண்டும். இது அழவிட்டுப் பழக்கும் முறை அன்று, அப்படி மாற்றிக்கொள்ளவும் கூடாது.

இரவு வேறு

இரவில் விழித்து அமைதியாகக் கிடக்கும் குழந்தையை, பால் நேரம் ஆகாதவரை, ஒன்றும் செய்யாமல் விடுவதே மேல். விளக்கைப் போடுவதும் கொஞ்சுவதும் அதற்குப் பகலாகிவிடும். பால் கொடுக்க வேண்டியிருந்தாலும் மங்கிய வெளிச்சத்தில், பேச்சில்லாமல் கொடுத்து, திரும்பக் கிடத்திவிடலாம். விடிந்த பிறகு விழித்தாலோ ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட்டுவிட்டு அதன்பின் சற்று விட்டுவைக்கலாம். பகல் இரவு வேறுபாடு பழகுவதற்கு அது உதவும்.

வீட்டாரிடம் சொல்லிவைப்பது

பெற்றோர் மட்டும் இதைப் புரிந்துகொண்டு பயனில்லை. கூட்டுக் குடும்பத்தில் குழந்தை கண் திறந்ததும் நான்கு பேர் எழுகிறார்கள். பிள்ளை பார்க்க வந்த உறவினர்களுக்கோ உறங்கும் குழந்தையையே தூக்கிப் பார்க்கும் ஆசை இருக்கும். "இப்போதுதான் முழிச்சிருக்கு அத்தை, இன்னும் கொஞ்ச நேரத்துல அதுவே கூப்பிடும், அப்ப நீங்களே தூக்குங்க" என்று சொன்னால் மாமியார் மனமும் கோணாது, குழந்தைக்கும் சில நிமிடம் கிடைக்கும். விழித்ததும் போய்ப் பார்ப்பவர் ஒருவராக இருக்க வேண்டும் என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்வது நல்லது. அவர் தந்தையாக இருந்தால் இன்னும் நல்லது, தாய்க்கு ஒரு வாய் காப்பியைச் சூடாகக் குடிக்க முடியும். தாய் வேலைக்குத் திரும்பும்போது, பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம், கடைசியாகப் பால் குடித்தது எப்போது, குழந்தையின் பசிக் குறி என்ன, எங்கே கிடத்த வேண்டும், எந்தத் தொனி வந்ததும் தூக்க வேண்டும் ஆகியவற்றை வாயால் சொல்வதோடு நிற்காமல், ஒரு முறை குழந்தை விழிக்கும்போது அருகில் நிற்கவைத்துக் காட்டிவிட வேண்டும்.